பருந்துப் பாறைக்குப் போகாத வழி

"முட்டி," என்றார் தலைமை வேதியாளர் அம்மா.

அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. கையிலிருந்த படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடுவையில் நிறம் மாறுகிறதா என்று பார்க்கக் குனிந்துகொண்டார். குனியும்போது முட்டியும் தன் பங்குக்கு ஒரு சத்தம் போட்டது.

படத்தில் இருந்தது பருந்துப் பாறை. தேசியப் பூங்காவின் கிழக்கு ஓரத்தில், மலை முடிந்து வானம் தொடங்கும் இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை. அதன் மேல் ஒரே ஒரு மரம். மரத்துக்குப் பின்னால் வரிசை வரிசையாக மலைகள். தள்ளிப் போகப் போக நீலம் வெளுத்துக்கொண்டே போனது, ஒரே மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்க வைத்துச் சோதனைக் குழாய்களில் ஊற்றி நிறுத்தியது போல.

பிப்பெட் அந்தப் படத்தை வாங்கி வெள்ளை அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிப்பெட் என்பது கிருமி அண்ணன் அவளுக்கு வைத்த பெயர், மருந்தைச் சொட்டு விடும் மெல்லிய கண்ணாடிக் குழாயின் பெயர். ஆள் ஒல்லி, பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்பதால். அவர் நுண்ணுயிர்ப் பிரிவைப் பார்ப்பவர். தனக்கு விழுந்த பெயருக்குப் பழிவாங்குவது போல ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்.

தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வகம் அது. ஒரு சாமான் கடையின் மாடி. ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் முதுகு. அது வருடம் முழுவதும் ஈரம் படிந்து கறுத்துக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கப் பிறர் குடிக்கும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக மருந்து விடுவதுதான் பிப்பெட்டின் வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது. அந்த வேலையால்தான் அவளுக்கென்று ஒரு அறை இருந்தது. அறைக்குள்ளே இருந்து பூட்டிக்கொள்ள ஒரு தாழ்ப்பாளும்.

வேலை போனால் அறை போகும். அறை போனால் அக்கா வீட்டு சோபா. அந்த சோபாவில் அவள் ஏற்கெனவே கொஞ்ச காலம் இருந்திருக்கிறாள். நடுவில் ஒரு கம்பிச்சுருள் விலா எலும்பைத் தேடி வந்து குத்தும். அத்தான் தொலைக்காட்சி பார்த்து முடிக்கும்வரை படுக்க முடியாது. அத்தான் லேசில் முடிக்க மாட்டார். நடுநடுவே, தொலைக்காட்சியிடம் சொல்வது போல, இந்தக் காலத்துப் பெண்கள் படித்து என்ன கண்டார்கள் என்று கேட்பார்.

இப்போது வேலைக்கு ஆபத்து வந்திருந்தது. இரண்டு வழியில்.

ஒன்று, கூடத்தின் மூலையில் பெரிய மரப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. உள்ளே தானாகவே தண்ணீரைப் பரிசோதிக்கும் இயந்திரம். அது வந்த அன்றே, ஒரு ஆள் குறையப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் என்பதுதான் தெரியவில்லை. எல்லோரும் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், வீட்டில் துக்கம் நடந்த அறையைத் தாண்டுவது போல.

இன்னொன்று, சுற்றுலா.

டைரக்டர் வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போவார். எங்கே போவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஒருவர் தலையில் கட்டுவார். போன வருடம் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில். அவர் கடலுக்கு ஏற்பாடு செய்தார். எல்லோருக்கும் வெயிலில் தோல் உரிந்தது. தோல் திரும்ப முளைப்பதற்குள் அவர் வேலையில் இல்லை. அதற்கு முந்தின வருடம் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள். அணைக்கட்டு. போய்ப் பார்த்தால் பராமரிப்புக்காக மூடியிருந்தது. பூட்டிய கேட்டைப் பார்த்தபடி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அந்த அம்மாளும் சீக்கிரமே காணாமல் போனார்.

பிப்பெட் அறிவியல் பட்டதாரி. இரண்டே தரவுகளை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று பரீட்சையில் எழுதியவள். ஆனால் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் அப்படித்தானே நினைக்கத் தோன்றும். சுற்றுலா சொதப்பினால் வேலை போகிறது. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இந்த வருடம் டைரக்டர் அவளைக் கூப்பிட்டிருந்தார்.

"உக்காரும்மா," என்றார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "உனக்கு மலை பிடிக்கும்னு யாரோ சொன்னாங்க."

"ம்," என்றாள் பிப்பெட்.

"தேசியப் பூங்காவுல நிறைய நடைபாதை இருக்காம். நல்லா விசாரிச்சு, உனக்குப் பிடிச்சதா ஒண்ணு சொல்லு. உன் வேலைய கொஞ்சம் கொஞ்சமா மத்தவங்ககிட்ட விட்டுடு. இதுல கவனமா இரு."

பேசும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த காகித எடையைப் பார்த்தார். நல்ல மனிதர் அவர். யாரையும் கடிந்து பேசத் தெரியாது. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

உனக்குப் பிடிச்சதா என்று ஒரு முதலாளி சொன்னால் அதற்கு என்ன பொருள்? எல்லோருக்கும் பிடித்ததாக, குறை சொல்ல முடியாததாக என்று பொருள். இது பரீட்சை. பிப்பெட் எழுந்து வரும்போதே அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

முதல் பார்வையிலேயே அவள் மனது போனது பருந்துப் பாறைக்குத்தான். முதல் முட்டியிலேயே அது கழன்றுகொண்டது.

சரி, ஏறாமல் போகும் பாதை வேண்டும். பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். எதிர்முனையில் தூக்கம் கலையாத ஒரு ஆண் குரல். சமதளமாக அருவிப் பாதை ஒன்று இருப்பதாகச் சொன்னது. வழி நெடுக ஓடை, கடைசியில் அருவி. பிப்பெட் சந்தோஷமாகக் கூடத்தில் வந்து சொன்னாள்.

மாதிரி எடுக்கும் அண்ணன் பையைக் கீழே வைத்தார். ஊரில் உள்ள கிணறு, குளம், குழாய் எல்லாவற்றிலும் பாட்டிலை முக்கி எடுத்து வருபவர் அவர்.

"வருஷம் பூரா தண்ணி மூஞ்சிலதான் முழிக்கிறேன். ஒரு நாள் லீவு. அன்னிக்கும் தண்ணியா?"

"பாக்கத்தானே அண்ணா. தொட வேண்டாம்."

"பாத்தா கை தானா பாட்டில தேடும்மா. எனக்குத் தெரியாதா என் கைய?"

அவர் வராவிட்டால் சுற்றுலா முழுமையாகாது. முழுமையாகாத சுற்றுலா சொதப்பிய சுற்றுலா. பிப்பெட் அருவியை விட்டாள். தண்ணீரே இல்லாத காட்டுப் பாதையைப் பிடித்தாள். நிழலாக இருக்கும், சமதளம், ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

"அட்டை இருக்குமா?" என்று கேட்டார் கிருமி அண்ணன்.

அவருக்கு நம்பிக்கை கொடுப்பதற்காக, அவர் எதிரிலேயே பூங்காவைக் கூப்பிட்டாள்.

"அட்டையெல்லாம் கம்மிதான்மா," என்றது குரல். "உண்ணிதான் ஜாஸ்தி."

ஒலியைச் சத்தமாக வைத்தது அவள் தவறு. அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் கிருமி அண்ணன், உண்ணி எங்கே ஏறும், எங்கே தங்கும், எதைக் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போகும் என்று விளக்கினார். பென்சிலால் படமும் போட்டார். வரவேற்பில் இருக்கும் அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் ஆய்வகமே சொறிந்துகொண்டிருந்தது. காடு என்ற சொல்லையே யாரும் காதில் வாங்கத் தயாராக இல்லை.

இதற்குள் பிப்பெட்டின் மேசையில் தண்ணீர்ப் பாட்டில்கள் குவிந்துவிட்டன. ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சொட்டு விட முடியாது. அன்றைக்கென்று இயந்திரத்தைப் பூட்டிக் கொடுக்க ஒருவர் வந்தார்.

"இந்த வேலைய இப்ப யார் பண்றாங்க?"

"நான்தான்."

"அப்ப நீங்களே இதுக்குச் சொல்லிக் கொடுத்துடுங்க. யாராவது ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாப் போதும்."

பிப்பெட்டுக்கு அது தெய்வமாகப் பார்த்து அனுப்பிய உதவியாகத் தெரிந்தது. இயந்திரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டால் அவள் மலையைப் பார்க்கலாமே. எவ்வளவு விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எந்த நிறத்தை நம்பக் கூடாது என்று தனக்குத் தெரிந்ததை எல்லாம் அதற்குள் ஏற்றினாள். எதையும் அரைகுறையாகச் செய்யும் வழக்கம் அவளுக்கு இல்லை. சீக்கிரமே அது அவளைவிட நிதானமாகச் சொட்டத் தொடங்கியது. கை நடுங்காது, தும்மாது. தலைமை வேதியாளர் அம்மா வந்து பார்த்துவிட்டு, "அச்சு அசல் நீதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காடு போனபின் மிச்சம் இருந்தது புல்வெளி முகடு. திறந்த வெளி, மேட்டில் ஒரு மண் பாதை, இரண்டு பக்கமும் மலை. முட்டிக்கு நல்லது, தண்ணீர் இல்லை, உண்ணிக்கு மறைவிடம் இல்லை. இந்தத் தடவை அவள் முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய்க் கேட்டாள். அதுதான் தப்பாகப் போனது. கேட்காமல் விட்டிருந்தால் பாதிப் பேருக்குத் தங்களுக்கு ஒரு நிபந்தனை இருப்பதே தெரிந்திருக்காது.

வரவேற்பு அக்காவுக்குக் கைக்குழந்தை. கணவனிடம் விட்டுவிட்டு வர வேண்டும். அவர் பால் புட்டியின் மூடியைத் திருகுவதற்குக்கூட அவளைக் கூப்பிட்டுக் கேட்பவர். ஆகவே போனில் சிக்னல் இல்லாத இடத்துக்கு அவளால் வர முடியாது. கணக்காளர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, தனக்குச் சர்க்கரை இருப்பதால் கழிப்பறை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும் என்றார். பிறகு ஒரு தயவாக, கண்ணுக்கு எட்டினால் போதாது, காலுக்கு எட்ட வேண்டும் என்று திருத்தினார்.

பிப்பெட் பூங்காவின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முட்டி நடக்கக்கூடிய இடங்களை ஒரு வட்டம் போட்டாள். தண்ணீர் கண்ணில் படாத இடங்களை இன்னொரு வட்டம். மரம் இல்லாத இடம், சிக்னல் கிடைக்கும் இடம், கழிப்பறை இருக்கும் இடம். எல்லா வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு இடம் மிஞ்சியது. உற்றுப் பார்த்தாள். வண்டி நிறுத்தும் இடம்.

மறுபடியும் அந்தக் குரலைக் கூப்பிட்டாள். குரலுக்கு இதற்குள் அவளைத் தெரிந்துவிட்டது.

"சொல்லும்மா. இன்னிக்கு எந்த மலை?"

"நடக்காம பாக்கற மாதிரி எதாவது மலை இருக்கா சார்?"

"சுவரொட்டில இருக்கும்."

பிப்பெட் வரைபடத்தை மடிக்கும் சத்தம் போனில் கேட்டது. குரலுக்குப் பாவமாகப் போயிற்று. வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு காட்சி மேடை உண்டு, கம்பி வேலி போட்டிருக்கும், அங்கிருந்தே எல்லா மலையும் தெரியும், பருந்துப் பாறைகூட எதிரே தெரியும் என்றது. அவள் கேட்ட தேதியில் மட்டும் கூட்டம் அதிகம், வேனை மேலே விட மாட்டார்கள். அடுத்த வாரம் என்றால் ஒரு ஆள்கூட இருக்காது. பிப்பெட் உடனே அடுத்த வாரத்துக்கு மாற்றினாள். ஏன் ஒரு ஆள்கூட இருக்காது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கறக், கறக் என்று, யாரோ கதவைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பது போல. டைரக்டர் புதிதாக மலையேறும் பூட்ஸ் வாங்கியிருந்தார். காலுக்குப் பழகட்டும் என்று ஆய்வகத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தார்.

நடப்பதற்காகவே பூட்ஸ் வாங்கிய மனிதரை வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப் போவது எப்படி?

ஆனால் வேறு வழியில்லை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

டைரக்டர் நகக்கண் அளவு இடத்தைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"இது வண்டி நிறுத்தற இடம் இல்ல?"

"பக்கத்துல மேடை இருக்கு சார்."

"பெரிய பெரிய மலையெல்லாம் இருக்கேம்மா. உண்மையாச் சொல்லு. உனக்கு இதுதான் பிடிச்சிருக்கா?"

பைக்குள் இருந்த படம் மார்பில் குத்துவது போல இருந்தது. பிப்பெட் பரீட்சைக்குரிய பதிலைச் சொன்னாள். "ரொம்ப, சார்."

அவர் வரைபடத்தை மடித்துக் கொடுத்தார். பிறகு பூட்ஸைப் பார்த்தார்.

"உனக்குப் பிடிச்சிருந்தா சரி. நான் அந்த இடத்தையே சுத்திச் சுத்தி நடந்துக்கறேன்."

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். குழந்தைகளின் சளி, பக்கத்து வீட்டின் புதுக் கார் என்று சுற்றி வந்துவிட்டு, சோபாவுக்குப் புது உறை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். ஒன்றும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பிப்பெட் போனை வைத்த பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டுத் திறந்தாள்.

சுற்றுலா நாளில் வருடா வருடம் வரும் அதே வேன் வந்தது. அதே டிரைவர்தான். மற்ற நாட்களில் டைரக்டரின் காரை ஓட்டுபவர். ஏற்பாடு செய்தவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். பிப்பெட் முன்னால் ஏறினாள்.

பாதி மலை ஏறும்போதே ஒரு வெள்ளைத் துணியை யாரோ கண்ணாடி மேல் போர்த்தியது போல மூடுபனி வந்து கவிந்தது. டிரைவர் விளக்கைப் போட்டார். வெள்ளை இன்னும் வெள்ளையானது. மேலே போய்ச் சேர்ந்தபோது, குரல் சொன்னது சரிதான், ஒரு ஆள்கூட இல்லை.

எல்லோரும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கிருமி அண்ணன் மட்டும் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டார். எதிரே ஒன்றுமில்லை. மலை இல்லை, வானம் இல்லை, கீழே பள்ளம் இருப்பதற்கான அடையாளம்கூட இல்லை.

"இது என்ன?" என்று கேட்டார் மாதிரி எடுக்கும் அண்ணன், கையை முன்னால் நீட்டி. விரல்கள் நனைந்திருந்தன.

"மூடுபனி," என்றார் தலைமை வேதியாளர் அம்மா. "தண்ணிதான்."

மாதிரி எடுக்கும் அண்ணன் கையை உதறிவிட்டுப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

குளிருக்குத் தலைமை வேதியாளர் அம்மாவின் முட்டி பிடித்துக்கொண்டது. கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது. கணக்காளர் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெள்ளைக்குள் நடந்து மறைந்தார். சிக்னல் மட்டும் குறையில்லாமல் கிடைத்தது. வரவேற்பு அக்காவின் கணவர் ஓயாமல் கூப்பிட்டார். பனிக்குள் எங்கிருந்தோ, "பச்சை மூடி இல்லங்க, நீல மூடி," என்று அவள் குரல் வந்துகொண்டே இருந்தது.

பிப்பெட் கம்பியைப் பிடித்தபடி தனியாக நின்றாள். போன வருடம் தோல் மட்டும்தான் உரிந்தது. இந்த வருடம் எதுவும் மிச்சமில்லை. சோபா உறை என்ன நிறம் என்று அக்காவிடம் கேட்டிருக்கலாம்.

கறக், கறக். டைரக்டர் வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். தூரத்தில் போய்த் தேய்ந்து, மறுபடி கிட்டத்தில் வரும் சத்தம். ஒவ்வொரு சுற்றிலும் நொண்டல் கூடியது. கடைசியில் அவள் பக்கத்தில் வந்து நின்றார். பூட்ஸ் குதிகாலைக் கடித்திருந்தது.

"மன்னிச்சிடுங்க சார்," என்றாள்.

"எதுக்கும்மா? நீ சந்தோஷமா இருக்கியா, அதச் சொல்லு."

அவள் வெள்ளையைப் பார்த்தாள். "இருக்கேன் சார்."

"அது போதும்," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. பனியாகக்கூட இருக்கலாம். "மத்தவங்க சொல்றத மனசுல போட்டுக்காதே. நீ நல்ல பொண்ணு. எங்க இருந்தாலும் நல்லா இருப்பே."

நொண்டிக்கொண்டே போனார்.

பிப்பெட்டுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. திட்டவில்லை. முகம் சுளிக்கவில்லை. பூட்ஸ் கடித்த வலியிலும் அது போதும் என்றார். தேறிவிட்டோம் போலிருக்கிறதே. பல நாட்களுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. வேனில் ஏறி, குளிர்ந்து கெட்டியாகிப் போயிருந்த சாப்பாட்டு டப்பாவை ஒரு பருக்கை விடாமல் காலி செய்தாள்.

இறங்கும் வழியில் பின்னால் எல்லோரும் தூங்கிப் போனார்கள். டைரக்டர் பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். இரண்டாவது வளைவில் வேன் திரும்பும்போது பனி நடுவில் கிழிந்தது. கிழிசலுக்குள்ளே, அங்கே, பருந்துப் பாறை. ஒற்றை மரம். அதன் பின்னால் நீலம், வெளிர் நீலம், அதைவிட வெளிர் நீலம்.

டிரைவரும் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார்.

"அம்சமா இருக்கேம்மா. அது என்ன இடம்?"

"பருந்துப் பாறை அண்ணே," என்றாள் பிப்பெட். பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினாள். ஓரமெல்லாம் மடங்கிப் போயிருந்தது. "நான் முதல்ல பாத்த இடம். ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. யாருக்கும் ஒத்து வரல, விட்டுட்டேன்."

டிரைவர் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் பின்னால் தூங்குபவர்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"என்னம்மா நீ, வேலைய விட்டு அனுப்பப்போறவங்க போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது அவங்க மனசுக்குப் பிடிச்ச இடத்தப் பாத்துட்டுப் போகட்டும்னுதானே சார் வருஷா வருஷம் அவங்களையே இடம் பாக்கச் சொல்றாரு."